துண்டுக்கடியில் விலைபோன டைனமோ

அன்று கூடத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர்: அண்ணன், அண்ணி, மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கும் அண்ணியின் தம்பி, பாலக்கரையிலிருந்து வந்த பழைய இரும்புக் கடைக்காரர், கோட்டைப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாய், ஜங்ஷன் டாக்சிக்காரர்கள் இருவர், நான்.

அண்ணன் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள். ஆனால் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இருபத்தைந்து வருஷமாகக் கார் சாமான்களாக வாங்கிச் சேர்த்தார். கார்பரேட்டர், டைனமோ, ஹெட்லைட், ஸ்பேனர், ஜாக்கி என்று ஸ்ரீரங்கத்து வீட்டின் உள்ளறை முழுக்க. கழற்றுவார், துடைப்பார், மறுபடி மாட்டுவார். அதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். இப்போது மகள் பிரசவத்துக்கு வருகிறாள். அறை காலியாக வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எடைக்கு மட்டும் போட்டுடாதடா. உருக்கிடுவாங்க."

போயும் போயும் என்னிடமா கேட்பது? நான் எட்டாவதோடு நின்றவன். பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை டிக்கெட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பவன். நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இரும்புக் கடைக்காரர் தராசோடுதான் வந்தார். "ரெண்டு பக்கமும் ஆறு ஓடுற ஊரு. எல்லாம் துருப்பிடிச்சுதான் கிடக்கும். மொத்தமா நிறுத்து எடுத்துக்கறேன்."

துருவா? வருஷா வருஷம் காவிரியில் புதுத்தண்ணீர் வருமுன் ஒவ்வொரு சாமானுக்கும் கிரீஸ் தடவி, துணி சுற்றி, எந்தக் காருடையது என்று சீட்டெழுதிக் கட்டி வைத்தவன் நான். ஆறு வீட்டுக்குள் வந்துவிடும் என்ற பயத்தில் செய்தது. அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரு மூட்டையைப் பிரித்தேன். டைனமோ பளபளத்தது. பாய் எழுந்தே வந்துவிட்டார்.

"யா அல்லா! இதை மெட்ராஸ்ல தேடியும் கிடைக்கலியே!"

இரும்புக் கடைக்காரர் சட்டென்று ஒரு விலை சொல்ல வாயெடுத்தார். சொல்லியிருந்தால் மற்றவர்கள் அதற்குமேல் ஒன்றிரண்டு ரூபாய்தான் ஏறியிருப்பார்கள். அதற்குள் அண்ணியின் தம்பி தோள்துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டார்.

"இங்க வாய் பேசக் கூடாதுங்க. விரல்தான் பேசணும்."

மாட்டுச் சந்தை வழக்கம் அது. துண்டுக்கடியில் தரகரின் விரல்களைப் பிடித்து விலை சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

"ஏங்க, பல்லைப் பிடிச்சும் பார்க்கணுமா?" என்றார் ஒரு டாக்சிக்காரர்.

"பாருங்களேன். கடிக்காது."

அடுத்தவர் எவ்வளவு பிடித்தாரோ என்ற கவலை ஆளை என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியும். அன்று அது அவர்கள் முகத்தில் இருந்தது; என்னிடம் இல்லை. கைகள் துண்டுக்குள் போகப் போக விலை ஏறிற்று. மத்தியானத்துக்குள் அறை காலி. எல்லாம் ஓடுகிற கார்களுக்கே போயிற்று. இரும்புக் கடைக்காரர் தராசை அவிழ்க்காமலே கிளம்பினார்.

மிஞ்சியது ஒரு ஜாக்கி. அண்ணன் வந்து துண்டுக்குள் கையை விட்டார்.

"மாமா, இது உங்களுதுதானே!" என்றார் அண்ணியின் தம்பி.

"இருக்கட்டும். பிடி."

அண்ணி பணத்தை முந்தானையில் முடிந்தபடியே, "காசு எங்கங்க?" என்றார்.

"சம்பளம் வரட்டும்."

பேத்தி அந்த அறையில் தவழ்ந்து, நடந்து, ஸ்கூலுக்கும் போகத் தொடங்கிவிட்டாள். ஜாக்கி அண்ணனின் கட்டிலுக்கடியில் இருக்கிறது. கிரீஸ் போடுவது நான்தான். அண்ணிக்கு அண்ணன் தரவேண்டிய பாக்கி இன்னும் பதினோரு ரூபாய்.