இடைவேளைப் பிரசங்கம்

ஒரு கையில் வேதாகமமும் மறு கையில் காற்று இறங்கிய வாலிபாலுமாகப் பஸ் ஏறுகிறவனை எந்த ரகத்தில் சேர்ப்பது என்று எந்தக் கண்டக்டருக்கும் தெரிந்ததில்லை; எங்கள் தொழில் அப்படிப்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் நான் பார்த்த உத்தியோகத்துக்கு ‘விளையாட்டு முகாம் ஊழியர்’ என்று பெயர். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் ஊர்ப் பையன்களைச் சேர்த்து வாலிபால் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படியே இயேசுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்து, வலை, விசில் எல்லாம் மெட்ராஸில் இருந்த எங்கள் மிஷன் ஆபீஸ் கொடுத்தது. மைதானம் என்பது ஆலயத்துக்குப் பின்னால் இருந்த பொட்டல்.

ஆபீஸ் செயலாளர் கறாரான மனிதர். “விளையாட்டு மட்டும்தான் நடக்குது, வசனம் நடக்கலைன்னு தெரிஞ்சா, பந்தையும் வலையையும் மூட்டை கட்டிக்கிட்டு வந்துடுங்க பிரதர்” என்று அனுப்பும்போதே சொல்லிவிட்டார். திரும்பிப் போனால் எனக்குக் காத்திருந்தது பழைய வேலை: நாள் முழுக்க உட்கார்ந்து துண்டுப்பிரசுரம் மடிப்பது. தலைக்கு மேல் ஃபேன் உண்டு. காகிதம் பறக்கும் என்று போட விடமாட்டார்கள். விசிலும் கையுமாக வெயிலில் காய்ந்த சகோதரர்களே, அந்தப் பொட்டலை நான் ஏன் அப்படி இறுகப் பிடித்துக்கொண்டேன் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எங்கே வைப்பது?

முதல் நாள் பிரசங்கத்தை ஆட்டத்துக்கு முன்னால் வைத்தேன். மறுநாளிலிருந்து எல்லாரும் சரியாகப் பிரசங்கம் முடிகிற நேரத்துக்கு வந்தார்கள். நான் ஆமென் சொல்லிவிட்டேனா என்று பார்த்துச் சைகை காட்டுவதற்கென்றே புளியமரத்துக்குப் பின்னால் ஒருவனை நிறுத்தியிருந்தார்கள். சரி என்று ஆட்டத்துக்குப் பின்னால் மாற்றினேன். கடைசிப் பாயிண்ட் விழுந்ததும் எல்லார் வீட்டிலும் மாடு கட்டை அவிழ்த்துக்கொண்டு விட்டது. மாடே இல்லாத வீட்டுப் பையன்கள்தான் முதலில் ஓடினார்கள்.

எங்கள் போதகர் திருநெல்வேலிக்காரர். வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் சபை நடத்தி அடிபட்டவர். முதல் செட்டுக்கும் இரண்டாம் செட்டுக்கும் நடுவில் வைக்கச் சொன்னார். நடுவிலும் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: “பந்த உன் மடியில வச்சுக்கிட்டுப் பிரசங்கம் பண்ணு தம்பி. எவன் வீட்டுக்குப் போறான்னு பார்ப்போம்.”

ஆளெடுப்பு

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வருகிறது, கம்பெனி வருகிறது என்று பார்த்த இடத்திலெல்லாம் வேலி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வேலியைக் கண்டாலே ஆளெடுப்பு என்று பேச்சு கிளம்பும். உயரமான பையன்களை நான் வலைக்குப் பக்கத்தில் நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரன் உயரம் பார்த்து ஆள் எடுக்கிறான் என்று யாரோ கொளுத்திப் போட்டுவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் ஊத்துக்கோட்டை பஸ்ஸிலிருந்து அப்பாக்களும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் இறங்கிற்று. பிள்ளைகள் எண்ணெய் வைத்து வகிடு எடுத்திருந்தார்கள். இரண்டொருவர் யாருடைய கல்யாணத்துக்கோ தைத்த சட்டையைப் போட்டிருந்தார்கள். நான் ஜெபத்தோடு ஆரம்பித்தேன். இண்டர்வியூ இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது என்று அப்பாக்களும் கண்ணை மூடினார்கள். இங்கே வேலை எதுவும் கிடையாது என்று நான் புரியவைப்பதற்குள் பிள்ளைகள் சர்வீஸ் போடவே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டது. ஒரு பெரியவர் மட்டும் நகரவில்லை. தன் மகன் எகிறி எகிறிப் பந்து அடிப்பதை மத்தியானம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, கொஞ்சமும் கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்: “வேலயும் இல்ல, டப்பும் இல்லன்ற. அப்பறம் இன்னாத்துக்கு நைனா எம் புள்ளய வெயில்ல குதிக்க வுட்டுக்கினு கீற?”

தோற்கிறவன் பக்தி

பொட்டலில் விளக்கு கிடையாது. இருட்டினால் ஆட்டம் செல்லாது, மறுநாள் முதலிலிருந்து ஆட வேண்டும் என்பது எங்கள் முகாம் சட்டம். சட்டம் போட்டவன் நான். அதில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவன் ஏழுமலை. நல்ல உயரம், அதைவிட உயரமான குரல். ஒரு கட்சிக்கு அவன்தான் கேப்டன். பிரசங்க நேரத்தில் வழக்கமாகக் காக்கா பார்ப்பான். ஒரு நாள் முதல் செட்டில் அவன் கட்சி செம அடி வாங்கியது. பிரளயத்துக்குத் தப்ப நோவா பேழை என்னும் பெரிய மரக்கலம் கட்டிய கதையை நான் தொடங்கினேன். ஏழுமலை கை தூக்கினான். பேழையில் என்னென்ன மிருகம் ஏறிற்று என்று கேட்டான். சொன்னேன். பாம்பும் ஏறிற்றா, ஏறினால் கீரியை எங்கே கட்டினார்கள், கொசுவை யார் பிடித்துக்கொண்டு வந்தது என்று கேட்டுக்கொண்டே போனான். இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு ஒரு ஆத்துமா கிடைத்துவிட்டது என்று நினைத்து, ஒவ்வொரு மிருகமாக ஜோடி சேர்த்து ஏற்றினேன். ஜெயித்துக்கொண்டிருந்த கட்சியின் கேப்டன் பக்தவச்சலம் மட்டும் மேற்கே பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பேழைக் கதவை மூடியபோது பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்டம் செல்லாமல் போயிற்று.

மறுநாள் போதகரிடம் ஏழுமலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் பொட்டலுக்கே போனேன். அன்று முதல் செட்டை ஏழுமலை கட்சி ஜெயித்தது. நேற்றின் தொடர்ச்சியாக, மழை பெய்யத் தொடங்கிய இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஆசையாக வேதாகமத்தைத் திறந்தேன். ஏழுமலை எழுந்து நின்றான்: “நேத்தே அல்லாத்தையும் சொல்ட்டீங்க சாரு. இன்னிக்கி சுருக்கா ஆமென் போட்டுடுங்க.”

இரண்டு பக்கமும் பேசினால்

திருவாலங்காட்டிலிருந்து ஒரு கட்சி எங்களோடு மோத வந்தது. ஆட்டத்துக்கு முன் அவர்கள் கேப்டன் பணிவாக வந்து, எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள் என்றான். நானும் இரண்டு கட்சியும் நன்றாக ஆட வேண்டும், யாருக்கும் அடிபடக் கூடாது என்று பொதுவாக ஜெபித்தேன். நம் ஆட்கள் தோற்றுப்போனார்கள். ஏழுமலை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மனம் தாளாமல் வந்து கேட்டுவிட்டான்: “பந்து உங்க பந்து, கிரவுண்டு உங்க கிரவுண்டு, சாமியும் உங்க சாமி. அப்பறம் ஏன் சாரு அவங்களுக்கும் சேத்து சிபாரிசு பண்றீங்க?”

பழவேற்காட்டு வலை

பந்தைத் துரத்திய வேகத்தில் ஏழுமலை ஒரு நாள் வலைக்குள்ளேயே போய்விட்டான். அவனை வெளியே எடுத்தபோது வலை பாதிதான் இருந்தது. புது வலை கேட்டு மெட்ராஸுக்கு எழுதினால், வலையோடு செயலாளரும் வந்துவிடுவார் என்று எனக்குப் பயம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்து ஆடிக்கொண்டிருந்த கன்னியப்பன் அந்த வலையை விரலால் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தான். இரண்டு நாள் கொடுங்கள் என்று சுருட்டி எடுத்துப்போனான். திரும்பி வந்தபோது கிழிசல் முழுக்கப் பொடிக் கண்ணாகப் பின்னியிருந்தது. மேலே வரிசையாக மிதவை, கீழே ஈயக்குண்டு. ஏரியில் ஒரு தடவை போட்டுப் பார்த்துத்தான் கொண்டுவந்ததாகச் சொன்னான். அவன் சொல்லவே வேண்டாம். பொட்டல் முழுக்க மடவை மீன் வாசனை.

இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று அன்றைய இடைவேளையில் மீனவர்களான பேதுருவையும் அந்திரேயாவையும் எடுத்துக்கொண்டேன். இயேசு கூப்பிட்டதும் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் போனார்கள் என்று உருக்கமாக முடித்தேன். கன்னியப்பன் முகம் வாடிவிட்டது. அழப்போகிறானோ என்று பக்கத்தில் போனேன். “போவட்டும் சாரு, வாணான்னு சொல்லல. அந்த வலய யாரு எடுத்துக்கினது?”

பொட்டு வைத்த பந்து

காலாண்டு விடுமுறை முகாமில் ஒரு சாயங்காலம், பந்தையும் வலையையும் கழுவிச் சுத்தம் செய்து தருகிறோம் என்று பையன்கள் தாங்களாகவே கேட்டார்கள். பொறுப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்து பையோடு கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை மெட்ராஸ் ரயிலிலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல், செயலாளர் வந்து இறங்கினார். நானும் போதகரும் அவரைப் பொட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அன்று ஆயுத பூஜை என்பது மூன்று பேருக்கும் ஞாபகமில்லை.

வலைக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. அடியில் ஒரு பலகை. பலகையின் மேல் பளபளவென்று பந்து, அதற்குச் சந்தனம், நடுவில் குங்குமம். விசிலுக்கும் சின்னதாக ஒரு பொட்டு. பக்கத்தில் பொரியும் கடலையும். பந்துப் பையில் நான் மறந்து வைத்திருந்த என் வேதாகமத்துக்கும் மேலட்டையில் சந்தனப் பொட்டு. போதகர் வானத்தைப் பார்த்தார். துண்டுப்பிரசுரக் கட்டுகள் என் கண்முன் வந்து நின்றன. இது யார் வேலை என்று செயலாளர் கேட்டார். ஏழுமலை பெருமையோடு முன்னால் வந்தான்: “நாங்கதான் சாரு. தச்சருக்கு உளி, டிரைவருக்கு வண்டி. நம்ம சாருக்குப் பந்தும் பொஸ்தகமும்தான? அவரு பொயப்பே அதுலதான் ஓடுது.”

செயலாளர் ஆடிய செட்

செயலாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “சாயங்காலம் ஆட்டத்தையும் பிரசங்கத்தையும் பார்த்துடறேன். ராத்திரி ரயிலுக்குப் பந்தும் வலையும் என்னோட வரட்டும்” என்றார். நான் மத்தியானம் சாப்பிடவில்லை. பையன்களுக்கும் விஷயம் எட்டிவிட்டது.

அன்று பக்தவச்சலம் கட்சியில் ஒரு ஆள் குறைந்தது. ஒருவன் திருப்பாச்சூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். செயலாளரோ நாற்காலியில் உட்கார்ந்தபடி, கை தப்பு, கால் தப்பு என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார். காலேஜ் நாளில் ஆடியவர் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. நீங்களே வாங்களேன் சாரு என்று பக்தவச்சலம் கூப்பிட்டதும், மறுப்பார் என்று நினைத்தேன். பாண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். எதிர்க் கட்சி ஏழுமலையுடையது. அவனுக்குச் செயலாளரும் ஒன்றுதான், புளியமரமும் ஒன்றுதான். முதல் செட்டில் அவரைக் குறிவைத்தே அடித்தான். அந்த செட்டைத் தோற்று முடித்தபோது அவர் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சட்டை முழுக்கச் செம்மண்.

நான் பந்தை மடியில் வைத்துக்கொண்டு, சந்தனப் பொட்டு வைத்த வேதாகமத்தைத் திறந்தேன். இதுதான் இந்தப் பொட்டலில் கடைசிப் பிரசங்கம் என்று நினைத்தபோது துக்கமாக இருந்தது. நாலு வரியோடு நிறுத்திக்கொண்டேன். முடித்துவிடலாம் என்று கண்ணை மூடப்போனேன். அந்த நேரம் பக்தவச்சலம் செயலாளர் காதில் ஏதோ சொன்னான். அவர் மேற்கே சூரியனைப் பார்த்தார். ஏழுமலையைப் பார்த்தார். பிறகு கை தூக்கினார்: “அவசரப்படாதீங்க பிரதர். நோவாவோட பேழையில என்னென்ன ஏறிச்சுன்னு ஒண்ணொண்ணா, நிதானமா சொல்லுங்க. ரயில் நாளைக்கும் இருக்கு.”

எங்கள் முகாமால் எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பின் ஒவ்வொரு விடுமுறைக்கும் மெட்ராஸிலிருந்து ஒருவர் தவறாமல் வந்து, தோற்றுக்கொண்டே, என் பிரசங்கத்தை இருட்டும்வரை கேட்டார்.