வாள் பிடித்த மணப்பெண்

கடப்பாக்கம் கடற்கரையில், இடிந்த கோட்டைச் சுவரோரம், பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுக் கல்யாணக் கூட்டம் ஒன்று நிற்கிறது. மணப்பெண் ஒரு கையில் ஷாம்பெயின் பாட்டிலைப் பிடித்தபடி, மறுகையில் நீண்ட வாளை ஓங்குகிறாள்.

"இன்னா அண்ணாத்த, யாரை வெட்டப் போவுது அந்தப் பொண்ணு?" கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த செல்லம்மா என் பின்னால் ஒதுங்குகிறாள்.

"பாட்டிலைத்தான். அப்படித் திறக்கிறது அவங்க வழக்கமாம்."

"அய்யோ, கையே பூடுமே!"

முதல் வீச்சு வழுக்கிவிடுகிறது. பெல்பாட்டம் போட்ட மாப்பிள்ளை வாளை வாங்கக் கை நீட்டுகிறான். அவள் தரவில்லை. வாளைப் பாட்டிலின் மேல் படுக்கவைத்து, வாய்ப்பக்கமாக ஒரே தள்ளு தள்ளுகிறாள். பாட்டிலின் கழுத்து தக்கையோடு பறந்துபோய் மணலில் விழுகிறது. நுரை பொங்குகிறது.

வாய்பிளந்து நின்ற செல்லம்மா நேராகக் கூட்டத்துக்குள் போகிறாள். மணப்பெண்ணின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"ஒரு கீறல்கூட இல்ல, அண்ணாத்த!" என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டு, மணப்பெண்ணின் கன்னங்களை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறிக்கிறாள்.