ஊசிக்கு உத்தரவு

ஆடு சிலுப்பினால் ஆத்தா சம்மதித்துவிட்டாள் என்று யாராவது என் எதிரில் சொன்னால் இன்றைக்கும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரியும். வெட்டுவதற்கு முன்னால் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கேட்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஊசி போடுவதற்கும் கேட்டது எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். கேட்டவர் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன். அம்மன் கோயிலுக்குப் பூசாரியும் அவர்தான்.

எழுபதுகளின் கடைசி அது. வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில் இப்போது கம்பெனிச் சுவர் நீளமாகப் போகிறதே, அதெல்லாம் எங்கள் ஆடு மேய்ந்த தரை. என் வீட்டுக்காரர் மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலை காட்டுவார். அம்மா வீட்டில் எனக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த செம்மறிகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். அவை மூத்தாரின் ஆடுகளோடு ஒரே பட்டியில் அடைபடும். என் கூட்டத்துக்கு ஒரே கிடா. தாய் செத்த குட்டி, புட்டிப்பால் கொடுத்து நான் ஆளாக்கியது. அது இருந்தால்தான் என் மந்தை பெருகும். மந்தை பெருகினால்தான் மூத்தாரின் தயவு இல்லாமல் நான் பிழைக்க முடியும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான், ஜமீன் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கு முந்தின வருஷம் கோமாரி வந்து என் அம்மா ஊரில் ஒரு குட்டி மிஞ்சவில்லை. பெரிய ஆடுகள் வாய் வெந்து, குளம்பு புண்ணாகி நொண்டின. குட்டிகளோ மடியில் வாய் வைத்தபடியே விழுந்து செத்தன. அதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதனால் கோமாரி ஊசி போட மாட்டாஸ்பத்திரி ஜீப் வருகிறது என்று தண்டோரா போட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் ஆடுகளில் முக்கால்வாசி சினையாக இருந்த நேரம். ஏரிக்கு அந்தப் பக்கம் வேதக்காரத் தெருவில் முதல் நாளே போட்டுவிட்டார்கள். ஒரு ஜெபம் சொன்னார்கள், ஆடுகளை வரிசையாகப் பிடித்தார்கள், முடிந்தது. அவர்கள் சாமி சீக்கிரம் உத்தரவு கொடுக்கிற சாமி போலிருக்கிறது.

எங்கள் ஊரில் டாக்டர் ஐஸ் பெட்டியைத் திறந்ததும் மூத்தார் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு முன்னால் வந்து நின்றார்.

"ஆத்தாளக் கேக்காம இந்த ஊர்ல ஒரு ஊசி எறங்கக் கூடாது."

தன் ஆடு ஒன்றைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார். அது கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. மறுபடி ஊற்றினார். அசைபோட்டது, அவ்வளவுதான். பங்குனி வெயிலில் ஜில்லென்று தண்ணீர் விட்டால் எந்த ஆடு சிலுப்பும்? அதற்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஏம்பா, நான் ஊசி போட வந்தேனா, கிடா வெட்ட வந்தேனா? ஐஸ் உருகுதுப்பா" என்று டாக்டர் கத்தினார்.

"அவ உத்தரவு தர்ல சார். நாங்க இன்னா பண்றது?" என்றார் மூத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க ஆடு சிலுப்பலன்னா அது உங்க பாடு மாமா. என் ஆட்டுக்கு நான் போட்டுக்கிறேன்" என்று சொல்லி என் கூட்டத்தை ஓட்டிப்போய் டாக்டரிடம் நிறுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் ஊசி இறங்கியது. கடைசியாகக் கிடாவுக்கு.

கொஞ்ச நேரத்தில் கிடாவுக்கு மூச்சு வாங்கியது. மூஞ்சி வீங்கி, நுரை தள்ளிக் கீழே சாய்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டர் ஓடி வந்து வேறொரு மருந்தை ஏற்றினார். "எங்கயோ ஒண்ணுக்கு இப்படி ஒத்துக்காதும்மா, பயப்படாத. தலையைத் தூக்கிப் புடி" என்றார். பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மூச்சு மெல்லச் சீரானது. எழுந்து நின்று என் முந்தானையைக் கடித்தது. ஆனால் அது எழுந்தது ஊரார் கண்ணுக்குத் தெரியவில்லை. விழுந்தது மட்டும்தான் தெரிந்தது.

"பாத்தீங்களா? ஆத்தா கை வச்சுட்டா" என்றார் மூத்தார். அத்தனை பேரும் ஆடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"கழுத்துல வீங்கும், சரியா மேயாது. தூர ஓட்டாத, நெழல்ல கட்டு, தானா வத்திடும். சீழ் வச்சா ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கினு வா. சூடு மட்டும் போட்டுடாத" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஜீப்பில் ஏறினார். மறுநாள் ஆடுகளின் கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். மூத்தார் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி எடுத்து வந்தார்.

"சூடு இழுத்தா வெசம் எறங்கிடும். நவுரு."

"மொதல்ல எனக்கு இழுங்க" என்று பட்டி வாசலை மறித்து நின்றேன்.

அன்றே மூத்தார் என் ஆடுகளைப் பட்டியை விட்டு வெளியேற்றினார். வீட்டுக்குப் பின்னால் முள் வெட்டி வேலி போட்டு அவற்றை அடைத்தேன். வீக்கம் தானாக வற்றியது. ஒன்றுக்கு மட்டும் சீழ் வைத்தது, அதை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் கீறவைத்துக் கூட்டிவந்தேன்.

கோடையில் செம்பரம்பாக்கம் ஏரிக்குள் புல் தேடிப் பல ஊர் மந்தைகள் வந்து கூடும். அங்கிருந்துதான் கோமாரி எங்கள் ஊருக்கு வந்தது. மூத்தாரின் குட்டிகள் மடிக்குக் கீழேயே விழுந்து செத்தன. ஊரில் பாதிப் பட்டிகளில் அதே கதை. என் வேலிக்குள் குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. இதைப் பார்த்தாவது புத்தி வரும் என்று நினைத்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. உத்தரவு இல்லாமல் ஊசி போட்டவள் நான். அந்தக் கோபத்தை ஆத்தா ஊர் ஆட்டின் மேல் காட்டிவிட்டாளாம்.

"அவ கை வச்ச கிடா அது. அவளுக்கே குட்துட்டா அடங்கிடுவா" என்று ஊர்க் கூட்டத்தில் தீர்ப்பானது.

ஞாயிற்றுக்கிழமை வந்த என் வீட்டுக்காரர், "குட்துடு. ஊரப் பகைச்சிக்கினு எங்க போய்ப் பொழைக்கிறது?" என்றார். அண்ணன் மேல் வராத கோபம் எனக்கு அவர் மேல் வந்தது. வாரத்துக்கு ஒரு நாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவருக்கு அந்தக் கிடா எப்படி வளர்ந்தது என்று என்ன தெரியும்? நான் பிடித்துக் கொடுக்கவில்லை. அவரே வேலியைத் தள்ளிவிட்டு இழுத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன்.

மூத்தார் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். சிலுப்பவில்லை. மறுபடி ஊற்றினார். என்னைத் தேடிக் கழுத்தைத் திருப்பியதே தவிர, சிலுப்பவில்லை. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆத்தாளையே கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போது மூத்தார் குனிந்து, கிடாவின் காதைப் பிடித்து, அதற்குள் தண்ணீரை விட்டார். காதில் தண்ணீர் போனால் எது சும்மா நிற்கும்? தலையோடு உடம்பை உதறியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"அன்னைக்கு உங்க ஆட்டுக் காதுல ஏன் ஊத்தல?" என்று கத்தினேன். "ஊத்தியிருந்தா ஊர்க் குட்டியெல்லாம் பொழைச்சிருக்குமே!"

குலவை நின்றது. கத்தி இறங்கியது. எனக்கென்று அனுப்பிய பங்குக் கறியைப் பாத்திரத்தோடு கொண்டுபோய் அவர் வாசலில் கவிழ்த்தேன்.

அடுத்த வருஷம் ஊசி ஜீப் வந்தபோது மூத்தார் தன் ஆட்டின் காதில் தண்ணீர் விட்டார். அது சிலுப்பியது. ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தினார். ஊரே அவர் பின்னால் நின்றது. அந்த வருஷம் ஒரு குட்டி சாகவில்லை. எல்லாம் பூசாரியின் புண்ணியம் என்றார்கள். கிடா இல்லாத என் ஆடுகளை நான் அதற்குள் விற்றுவிட்டிருந்தேன்.