பூனைக்கண் பொன்னுசாமியின் அப்பா

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் முகப்புப் படமாக ஒரு வெள்ளைக்காரர் வந்து உட்கார்ந்தார். முறுக்கு மீசை, தொப்பி, கையில் பிரம்பு. யார் இவர் என்று கேட்டேன்.

"நம்ம தாத்தாவுக்கே தாத்தாவா இருக்கலாம், அக்கா!" என்றான் ரமேஷ்.

ரமேஷ் என் சித்தப்பா மகன். வாகட்டில் ஃபிளாட், ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை. ட்ராஃபிக்கில் நிற்கும் நேரமெல்லாம் வம்ச ஆராய்ச்சி. பழைய ரெக்கார்டுகளைக் காட்டும் ஏதோ ஒரு வெப்சைட்டுக்குச் சந்தா கட்டியிருக்கிறான்.

அதில் எங்கள் கொள்ளுத்தாத்தா பொன்னுசாமி அகப்பட்டார். இந்த மராத்தி ஊரின் ராணுவக் கன்டோன்மென்டில் ஃபாக்டரி வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிய பதிவு. அவருடைய அப்பா பெயர் ஆறுமுகம் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். அதிலோ, 'தகப்பன்: தெரியாது. வளர்த்தவர்: ஆறுமுகம், ஆபீசர் பங்களா சமையல்காரர்' என்று இருந்தது. ஆறுமுகத்துக்குக் கல்யாணம் ஆனதாக எங்கேயும் தகவல் இல்லை. பொன்னுசாமிக்கோ பூனைக்கண்!

வேறென்ன வேண்டும்? ரமேஷ் அந்த ஆபீசரின் போட்டோவைத் தேடிப் பிடித்துவிட்டான். குரூப்பின் பெயர் 'ராயல் ஃபேமிலி' என்று மாறியது.

ஆகுர்டியில் இருக்கும் அத்தையிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்: "எம் பேத்தி வெயில்ல நின்னா ரோஸ் கலர் ஆயிடுவா. நான் அப்பவே நெனச்சேன்."

சொந்தத் தங்கை மகள் வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று ரிசப்ஷனுக்கே வராத அத்தை இவர். தாலி கட்டினால் அவமானம்... கட்டாமல் போனவன் துரையாக இருந்தால் பரம்பரைப் பெருமை!

எங்கள் பால் பூத் காகாவுக்கும் பூனைக்கண்தான். கொங்கண்காரர்; அந்தப் பக்கம் பூனைக்கண் சகஜம். அவரை லண்டனோடு முடிச்சுப் போட இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கொண்டாட்டத்தில் ஒருவர் மட்டும் சேரவில்லை. விஷ்ராந்த்வாடியில் இருக்கும் பெரியப்பா. ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிடையரானவர். மகாளய அமாவாசைக்கு ஆளந்தி ஆற்றங்கரையில் தர்ப்பணம் கொடுக்காமல் இருந்ததே இல்லை. அப்பா மாணிக்கம், தாத்தா பொன்னுசாமி, கொள்ளுத்தாத்தா ஆறுமுகம் என்று மூன்று தலைமுறைப் பெயரையும் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது பெயரில்தான் இப்போது ஓட்டை.

போனில் கூப்பிட்டார். "சோறு எறங்கலம்மா. அமாவாச வந்துடுச்சி. ஆறுமுகம்னு சொல்றதா, இல்ல அந்த மீசக்காரன் பேரச் சொல்றதா? இத்தினி வருசமா நான் குடுத்ததெல்லாம் யாருக்குப் போச்சி?"

"அவர் கிறிஸ்துவர், பெரியப்பா. எள்ளும் தண்ணியும் கேட்க மாட்டார்" என்றேன்.

"வெளையாடாத. எம் பாட்டனோட அப்பன் பட்டினியா கெடந்தா?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ரமேஷை அழைத்து, கிளறியது நீ, நீயே முடித்து வை என்று திட்டினேன்.

பையன் ரோஷக்காரன். மறுபடி தோண்டினான். முதலில் கிடைத்தது ஆபீசரின் கப்பல் பதிவு. துரை பம்பாயில் இறங்கியபோது பொன்னுசாமி இங்கே கோலி விளையாடும் வயதில் இருந்திருக்கிறார்! அடுத்தது பிளேக் முகாமின் பதிவு: 'ஆண் குழந்தை. ஒரு வயது இருக்கலாம். பெற்றோர் இருவரும் இறந்தனர். பெயர், ஊர், சாதி தெரியாது. சமையல்காரர் ஆறுமுகம் கேட்டு வாங்கிக்கொண்டார்.'

ரமேஷ் அதைக் குரூப்பில் போட்டான். அப்படி ஓர் அமைதியை அந்தக் குரூப் கண்டதில்லை. அத்தை கடைசியில், "இதையெல்லாம் வெளிய சொல்லணுமா?" என்று மட்டும் அனுப்பினார். அப்பன் யார் என்று தெரியாதது பரவாயில்லை. சாதி தெரியாதாமே... அதுதான் தொண்டையில் சிக்கியது.

அமாவாசைக் காலையில் பெரியப்பாவோடு நாங்கள் இருவரும் ஆளந்திக்குப் போனோம். ஆட்டோவில் ரமேஷ் அவருக்கு அந்தப் பதிவைப் படித்துக் காட்டினான். பெரியப்பா அதை மறுபடி படிக்கச் சொன்னார்.

படித்துறையில் தர்ப்பணம் செய்து வைக்கும் குருஜி வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா பெயர், தாத்தா பெயர். அப்புறம், "பண்ஜோபா?" மராத்தியில் கொள்ளுத்தாத்தா!

பெரியப்பா கையில் எள்ளோடு அப்படியே நின்றார்.

"ஆறுமுகம்" என்றார். அக்கம்பக்கத்தில் தர்ப்பணம் கொடுத்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.

பிறகு எங்களிடம், "பிளேக் வந்த வூட்டுக் கொழந்தைய எவன் தொடுவான்? இந்த ஆளு கேட்டு வாங்கிகினு வந்து வளத்துக்கீறாரு. சரியான ஆளுக்குத்தான்டா போயிருக்கு" என்றார். பெயர் தெரியாத அந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் தனியாக ஒரு கை நீர் விட்டார். ரமேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும்தான். கிண்டலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பத்தி எழுதுகிறவளுக்கு இது பெரிய நஷ்டம்.

நல்லவேளை, வீடு திரும்புவதற்குள் அத்தை காப்பாற்றிவிட்டார். குரூப்பின் பெயரைப் பழையபடி மாற்றி, துரையை இறக்கிவிட்டுப் பிள்ளையாரை உட்கார வைத்திருந்தார். வம்பில்லாத, நல்ல குடும்பத்துச் சாமியாம்.

அந்தப் பிள்ளையார் பிறந்த கதையை யாரும் ரமேஷிடம் சொல்லிவிடாதீர்கள்!