சும்மா கிடந்த டாட்காம்கள்

வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலில் வெப்சைட் செய்வது கொஞ்சம்தான், பெயர் வாங்கிக் கொடுப்பதுதான் அதிகம். பெரம்பலூரில் கடை போட்டிருக்கும் என்னைப் போல நீங்களும் இதில் மாட்டியிருந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல நேரம் பார்த்து வருவார்கள். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு டாட்காம் பெயரைப் பதிவு செய்வார்கள். அதோடு சரி. வெப்சைட் எப்போது என்று கேட்டால், "தை பொறக்கட்டும் சார்" என்பார்கள். பெயர் தரிசாகக் கிடக்கும். வருஷா வருஷம் புதுப்பிக்காவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நானும் ஒழுங்கில்லை. கடை திறந்த அன்றே ரஞ்சன்குடிக் கோட்டையின் பெயரில் ஒரு டாட்காம் வாங்கி அப்படியே போட்டு வைத்திருந்தேன். கடையில் என்னோடு சரிபாதி உழைப்பவள் என் மனைவி செல்வி. இந்த வருஷம் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "சும்மா கெடக்குற பேரையெல்லாம் இனிமே புதுப்பிக்கறதா இல்ல. மொதல்ல ஒங்க கோட்டையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்." புதுப்பிக்கும் கெடு வருவதற்குள் சும்மா கிடக்கும் பெயருக்கும் வேலை உண்டு என்று நான் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் கோட்டை கைவிட்டுப் போய்விடும்.

லாரியில் ஓடிய விலாசம்

போர்வெல் லாரி வைத்திருக்கும் முருகேசன், வெப்சைட் வருவதற்கு முன்பே அதன் விலாசத்தை லாரியின் மூன்று பக்கமும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டார். ஊர் ஊராக லாரி போகிறது. பார்த்தவர்கள் போனில் அந்த விலாசத்தை அடிக்கிறார்கள். வெறும் வெள்ளைப் பக்கம் வருகிறது. இப்படி ஒரு கம்பெனியே கிடையாது என்று போட்டிக்காரர்கள் கிளப்பிவிட, உடம்பெல்லாம் பாறைத் தூளோடு நேராகக் கடைக்கு வந்து நின்றார்.

படம் கொடுங்கள், விவரம் கொடுங்கள் என்றால் அவருக்கு ஏது நேரம்? விலாசத்தை அடித்தால் நேரே அவருடைய வாட்ஸ்அப் திறக்கும்படி இணைத்துவிட்டேன். பக்கமும் இல்லை, படமும் இல்லை. அவர் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அடுத்த முறை இனிப்பு டப்பாவோடு வந்தார். "சார், வெப்சைட் இல்லாமயே இம்புட்டுப் பேரு கூப்புடுறாங்க. தயவுசெஞ்சு வெப்சைட்டு மட்டும் போட்டுடாதீங்க!"

அம்மன் எடுத்துக்கொண்ட பெயர்

உடையார்பாளையம் பக்கத்து ராமலிங்கம் அண்ணன், அறுவடை மிஷின் வாடகைக்கு விடும் தொழிலுக்காகக் குலதெய்வம் பச்சையம்மன் பெயரில் டாட்காம் வாங்கினார். தொழில் தொடங்கிய வேகத்தில் படுத்துவிட்டது. பெயரை விட்டுவிடுங்கள் என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி பெயரை எப்படி விடுவது? விட்டால் யார் கையில் போய்ச் சேருமோ! அந்தப் பயத்திலேயே வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டு இருந்தார்.

அவருடைய பங்காளிகள் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கோயில் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. திருவிழாத் தேதி, எந்த பஸ்ஸில் வருவது, எந்த ஆலமரத்தில் திரும்புவது, கோயில் சாவி யார் வீட்டில் இருக்கிறது, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி அந்தப் பெயரில் ஏற்றினேன். அந்தத் திருவிழாவுக்கு அவர் முகம் பார்த்தே அறியாத பேரப்பிள்ளைகளெல்லாம் வழி கேட்காமல் வந்து இறங்கினார்களாம். பொங்கல் பிரசாதத்தோடு வந்து சொன்னார்: "தொழிலுக்குன்னு வாங்குனேன் தம்பி. அம்மன் தனக்குன்னு எடுத்துக்கிச்சு. நல்லவேள, தொழிலு படுத்துச்சு!"

கோட்டைக்கு வந்த கிராக்கி

நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மனை வியாபாரி போன் செய்தார். தன் பிளாட்டுகளுக்குக் கோட்டை பெயர் வேண்டுமாம். பிளாட் இருப்பதோ கோட்டை கண்ணுக்கே தெரியாத தூரத்தில்! "விக்கிறதும் ஒரு உபயோகம்தானேங்க" என்றாள் செல்வி. நியாயம்தான், சும்மா கிடக்கும் பெயரைப் பலரும் அப்படித்தான் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வியை ரஞ்சன்குடிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் போகும்போதெல்லாம் தூரத்தில் பார்த்திருக்கிறாளே தவிர, ஒருநாளும் ஏறியதில்லை. அகழியைப் பார்த்தாள், மதிலில் கை வைத்துப் பார்த்தாள், உச்சியில் நின்று நான்கு பக்கமும் வயல்களைப் பார்த்தாள். போனை என்னிடமிருந்து பிடுங்கிப் படமாக எடுத்துத் தள்ளினாள். இறங்கி வரும்போது மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, இத இத்தன வருஷமா வெள்ளப் பக்கமாவா போட்டு வச்சிருந்தீங்க?"

மறுபடி வந்த போன்

அவள் எடுத்த படங்களையே வைத்து ஒரு பக்கம் செய்தோம். எங்கே இறங்க வேண்டும், தண்ணீர் கொண்டு வர வேண்டும், உச்சி வெயிலில் ஏற வேண்டாம், அவ்வளவுதான். அடியில் எங்கள் கடை நம்பர். கோட்டையிலிருந்தே ஒருவர் அந்த நம்பருக்குக் கூப்பிட்டார். சென்னைக்கும் திருச்சிக்கும் பல தடவை போய் வந்தும், எங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்குத்தான் வண்டியை நிறுத்தினாராம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, மறைப்பானேன்?

மனை வியாபாரி மறுபடி கூப்பிட்டபோது நான் கை நீட்டுவதற்குள் செல்வி போனை எடுத்துவிட்டாள். "கோட்டைய விக்கிறதா இல்லீங்க. அது எங்க ஊரு. பிளாட்டுக்கு வேற பேரு வேணும்னா வாங்க, நல்ல நேரம் பாத்து வாங்கித் தரேன்."

ஊரில் சும்மா கிடந்த பெயருக்கெல்லாம் வேலை போட்டுக் கொடுத்துவிட்டோம், எங்கள் கடையின் டாட்காம் மட்டும்தான் இன்னும் 'விரைவில்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, அதற்கும் தை பிறக்கட்டும்.