கொள்ளிட மணலுக்கு எட்டாத குரல்

காலை ஒன்பது நாற்பது. எங்கள் கரையோரக் கோயில் வாசலில் மைக்கோடு நின்ற நான் முதலில் பார்த்தது பாப்பாத்தி அக்காவின் முதுகை. கொள்ளிடத்தின் நடு மணலில் அவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

அணையில் தண்ணீர் திறந்துவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. மூன்று முறை அறிவித்தேன். அவர் திரும்பவே இல்லை.

துருப்பிடித்த கூம்பு ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டி ஸ்பீக்கர்கள் வைக்கச் சொன்னது கோயில் நிர்வாகியான நான்தான். போன மாதமே மைக்செட் செல்வம் எச்சரித்தார்: "சார், பாட்டுக்கு இது தேன் மாதிரி இருக்கும். ஆனா ஆத்துக்குள்ள கேக்காதுங்க."

"ஏன்யா, மீனுக்கா பாட்டுப் போடறோம்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது என் குரல் வாசலில் கணீரென்று நிறைந்து, படித்துறையைத் தாண்டாமல் நின்றது. கரையோரத் தண்ணீர் செம்மண் நிறமாகியிருந்தது. ஓடிவந்த செல்வம் கோயில் பரணிலிருந்து பழைய கூம்பு ஒன்றை இறக்கி, ஆற்றைப் பார்க்க வைத்து, வயரைப் பல்லால் சீவி இணைத்தார்.

"இப்பப் பேசுங்க சார், சீக்கிரம்!"

"பாப்பாத்தியக்கா, ஏறி வாங்க!"

தகரத்தில் ஆணி கீறியதுபோன்ற குரல். கேட்கச் சகிக்காது என்று நான் கழற்றிய அதே குரல். அவர் திரும்பினார்.

ஒலி காதுக்கு இனிமையாக இருந்தால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கரையேறினார். மற்ற ஆடுகள் வரவில்லை.