புளிப்பு மரம் என்று பெயர் வைத்தவர்

காரக் கரைசல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. குடுவையில் இருந்த மாம்பழச் சாறு இளஞ்சிவப்பாக மாறுவேனா என்று அடம்பிடித்தது. எவ்வளவு கரைசலைக் குடிக்கிறதோ அவ்வளவு புளிப்பு என்று அர்த்தம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் ஆய்வகத்தில் அப்போது எனக்கு வேலை. குடித்துக்கொண்டிருந்தது எங்கள் தோப்புப் பழம். வெளியே லாரிக்குப் பக்கத்தில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றவர் என் பெரியப்பா.

அப்பா போன பிறகு, பாகம் பிரியாத அந்தப் பெங்களூரா மாந்தோப்பை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். உழைப்பு அவளுடையது, அதிகாரம் பெரியப்பாவுடையது. அந்த வருஷம் மழை முன்னும் பின்னுமாகப் பெய்ததில் மரங்கள் இரண்டு தடவை பூத்தன. ஒரே கிளையில் மூத்த காயும் இளங்காயும், பார்வைக்கு ஒரே பருமனில். "பின்னால பூத்த காயி இன்னும் முத்தல. ஒரு பத்து நாள் வுடச் சொல்லு" என்று அம்மா என்னிடம் சொன்னாள். கணவரின் அண்ணனிடம் நேரே பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நான் போய்ச் சொன்னேன். "காத்தடிச்சிக் கொட்டிப்போச்சின்னா உங்கம்மாவா வந்து ஒட்டவைப்பா?" என்று கேட்டுவிட்டு, ஒரே நாளில் அத்தனையையும் பறிக்கச் சொன்னார். கிணற்று மேட்டில் இருந்த இரண்டு மரங்களில் மட்டும் ஆளை ஏறவிடாமல் அம்மா குறுக்கே நின்றுவிட்டாள்.

காய் வளரும்போது புளிப்பைச் சேர்த்துவைக்கும். முற்றிப் பழுக்கும்போதுதான் அதைத் தானே கரைக்கும். பெரியப்பா செய்ததுபோல் முற்றாததைப் பறித்துக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தால் தோல் மஞ்சளாகும், உள்ளே புளிப்பு அப்படியே கிடக்கும். லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். ஆலை வாசலிலேயே, ஊர்க்காரர்கள் கேட்க, "அவ கைராசி அப்டி. கெணத்துத் தண்ணிய வுட்டு வுட்டுத் தோப்பையே புளிக்க வச்சிட்டா" என்றார் பெரியப்பா. வாய் கூசவில்லை அந்த மனிதருக்கு! தோப்பை அம்மாவிடமிருந்து பிடுங்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தவருக்கு அது வசதியாகப் போயிற்று.

அம்மா காப்பாற்றிய காய்கள் நிதானமாக முற்றிப் பழுத்தன. ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தேன், சில சொட்டுகளிலேயே சாறு சிவந்தது. அதே மண், அதே கிணற்றுத் தண்ணீர். தோப்பை யார் பார்ப்பது என்று பேச உட்கார்ந்திருந்த பங்காளிகள் முன்னால் பழத்தை அறுத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். "தேனாட்டம் இருக்குது" என்றார்கள். பெரியப்பாவும் தின்றார், கொட்டையைக்கூட விடாமல் சப்பினார். பிறகு தோள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ரெண்டு பாட்டிலக் கழுவிட்டு எனக்கே புத்தி சொல்ல வந்துட்டா."

அடுத்த வாரம், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஆள் வைத்து அந்த இரண்டு மரங்களையும் அடியோடு வெட்டிவிட்டார். கேட்டவர்களிடம், "புளிப்பு மரம், வச்சிருந்து என்ன பண்றது" என்றாராம். தோப்பு அவர் கைக்குப் போய், பிறகு ஓசூர்க்காரர் ஒருவர் கைக்குப் போய், இன்று வீட்டுமனை. ஊரில் இன்னும் சிலருக்கு அம்மா, தோப்பைப் புளிக்க வைத்தவள்தான்.

இப்போது பெரியப்பா படுத்த படுக்கை. "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடு பாப்பா" என்று அம்மாவே கெஞ்சுகிறாள். கொட்டையைச் சப்பிய அந்த வாயால், பழம் இனித்தது என்று ஒரே ஒரு தடவை அம்மா காதில் விழச் சொல்லட்டும். அதுவரை அவர் வாசலை நான் மிதிக்க மாட்டேன்.